நீல வில்லை மாடுகளுக்கும் உண்ணி உதிர்ந்தது

"ஆன்டி, ஒரு நல்ல மெமரியா பாத்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். சந்தோஷமான விஷயமா இருந்தா நல்லா இருக்கும்லா."

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த கால்நடை ஆய்வுக்கூடத்தில் இப்போது அதிகாரியாக இருக்கும் துர்கா, போன மாதம் போனில் இப்படிக் கேட்டாள். ஆண்டு நிறைவுக்கு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுத வேண்டுமாம். சரி என்றேன். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். மாட்டு உண்ணியைப் பூஞ்சையால் கொல்லும் மருந்து ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் சோதிக்கப் போகிறார்களாம்.

"இங்க முன்னாடியே ட்ரை பண்ணி ஃபெயிலாயிருச்சாமே ஆன்டி? ஃபைல்ல பாத்தேன். லேப்ல கன்டாமினேஷனாம். உங்க பேரு கூட இருந்துச்சு."

என் பெயர் இருக்கத்தான் செய்யும். அந்தத் தாளில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கோபம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் ஏழாவது மாடியிலிருந்து கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வரை கேட்கும் என்று என் மகன் கிண்டல் செய்வான். அன்றைக்கு அது கேட்டிருக்கும். ஆகவே துர்கா, சந்தோஷமான விஷயம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார். நான் நடந்ததை எழுதுகிறேன்.

சாலாக் செலாத்தானில் பிறந்து, பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்து, பத்தொன்பது வயதில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். அதற்குப் பெயர் பயிற்சி. குறை சொல்லவில்லை, நன்றாகக் கழுவக் கற்றேன். கழுவிய குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். துளித்துளியாக நின்றால் எங்கோ பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். இன்றைக்கும் என் வீட்டு டம்ளரை அப்படித் தூக்கிப் பார்க்காமல் அடுக்க மாட்டேன். அப்படிப்பட்டவளைத்தான் அழுக்குக் கைக்காரி என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பூஞ்சை காப்பார் என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து வந்தது. மட்கிப்போன மரத்தூரில் காண்டாமிருக வண்டின் புழு ஒன்று உடம்பெல்லாம் பச்சை படர்ந்து செத்துக் கிடந்தது. அந்தப் பச்சைதான் பூஞ்சை. அதன் வித்து பூச்சியின் தோலில் ஒட்டும், முளைக்கும், தோலைத் துளைத்து உள்ளே போகும், உள்ளேயே தின்று வளரும். பூச்சி செத்த பிறகு மறுபடி வெளியே வந்து பச்சையாகப் படரும். ஆய்வுக்கூடத்தில் உண்ணியின் மேல் போட்டுப் பார்த்தோம், உண்ணியும் செத்தது. அப்போது கிள்ளான் வட்டாரத்து மாட்டுக்காரர்கள் இரசாயன மருந்தை அடித்து அடித்து, உண்ணி அதற்குப் பழகிப்போயிருந்தது. மருந்தை இன்னும் கெட்டியாகக் கரைத்து அடித்தார்கள். மாட்டின் உண்ணி அப்படியே இருந்தது, மனிதன் கைத்தோல்தான் உரிந்தது.

பூஞ்சையை வளர்க்க அரிசி வேண்டும். முதலில் ஆபீசில் வாங்கிக் கொடுத்த சியாம் பச்சரிசி கொதித்ததும் களி ஆகிவிட்டது. பூஞ்சைக்கு ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்க வேண்டும், நடுவில் காற்று போக வேண்டும். நான்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடையில் புழுங்கல் அரிசி வாங்கிப் போனேன். அரை வேக்காட்டில் இறக்கி, நீர் வடித்து, வெப்பம் தாங்கும் பையில் நிரப்பி, வாயில் குழாய் வளையம் மாட்டிப் பஞ்சு அடைத்து, பிரஷர் குக்கரின் பெரியண்ணன் மாதிரி ஒரு கொதிகலத்தில் வைத்து எல்லாக் கிருமியையும் கொல்ல வேண்டும். ஆறிய பிறகு, சுடரின் பக்கத்தில் வைத்துப் பூஞ்சை நீரை உள்ளே விட வேண்டும். நாலாம் நாள் அரிசி வெள்ளையாகப் பஞ்சு பூக்கும். அப்போது பையைத் தட்டித் தட்டி உதிர்க்காவிட்டால் கட்டி தட்டிவிடும். இரண்டு வாரத்தில் முழுக்கப் பச்சை. உலர்த்தி, சலித்து எடுத்தால் கையில் நிற்காத பச்சைப் பொடி. அது தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். கொஞ்சம் எண்ணெயும் இரண்டு சொட்டுச் சவர்க்கார மருந்தும் விட்டால்தான் கலக்கும். மாடு உள்ள கொட்டகைக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் வித்து உயிரோடு இருக்கிறதா என்று முளைக்க வைத்து எண்ணிப் பார்ப்பேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அந்தப் புழுங்கல் அரிசி அறிக்கையில் 'தேர்ந்தெடுக்கப்பட்ட வளர்ப்பு ஊடகம்' என்று வந்தது. தேர்ந்தெடுத்தவள் பெயர் வரவில்லை. போகட்டும்.

எங்கள் மேலதிகாரியை டாக்டர் என்றே எழுதுகிறேன். இப்போது அவர் டத்தோ பட்டம் வாங்கியவர், பெயர் சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் தயாரில்லை. நம்ம ஆள்தான். குரலை உயர்த்தியே பேசமாட்டார். யாரையும் நீங்க, வாங்க என்றுதான் சொல்வார். அவர் வெள்ளைக் கோட்டில் ஒரு கறை கண்டதில்லை, ஏனென்றால் மேசைக்கு இரண்டடி தள்ளித்தான் நிற்பார். நுண்ணோக்கிக் கண்ணாடி துடைக்க என்று எண்ணி எண்ணி வாங்கும் மெல்லிய தாளை எடுத்துத் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடித்துவிட்டு "புரசீட்" என்பார். வேலை தொடங்கலாம் என்று அர்த்தம். கையெழுத்து எப்போதும் பச்சை மையில். ஒரு மாதத்துத் தாள்களை ஒரே உட்காரலில் போட்டு முடிப்பார், எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார்.

கள ஆய்வுக்குக் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் பால்காரர் கோவிந்தன் அண்ணனின் பன்னிரண்டு மாடுகளைத் தேர்ந்தெடுத்தோம். கன்டெய்னர் அடுக்கும் இடத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகை. பகலில் மாடுகள் துறைமுகச் சாலை ஓரப் புல்லை மேயும், லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே போவார்கள். மஜ்லிஸ் எனப்படும் நகராண்மைக் கழகத்தார் இரண்டு முறை மாடு பிடிக்க வந்துவிட்டார்கள். அந்த நிலம் அண்ணனுடையது அல்ல, அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். எங்கள் ஆய்வு தொடங்கியபோது அலுவலகச் சாப்பு, அதாவது முத்திரை, குத்திய ஒரு கடிதம் கொடுத்தோம்: இந்த மாடுகள் ஆய்வில் உள்ளன, ஆய்வு முடியும் வரை அகற்ற வேண்டாம். அண்ணன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"சாப்பு குத்துன சூராட்டு தங்கச்சி. இத காட்டுனா மஜ்லிஸ்காரன் சலாம் போட்டுட்டுப் போறான்" என்று சிரிப்பார்.

ஆறு மாட்டுக்கு மஞ்சள் காது வில்லை, அவற்றுக்குப் பூஞ்சை கலந்த நீர். ஆறு மாட்டுக்கு நீல வில்லை, அவற்றுக்குப் பூஞ்சை இல்லாமல் எண்ணெயும் சவர்க்கார மருந்தும் மட்டும் கலந்த நீர். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். வித்தியாசம் இருந்தால் மருந்து பலித்தது. வித்தியாசம் இல்லையென்றால் இல்லை. இதுதான் கணக்கு. வியாழக்கிழமைதோறும் மஞ்சள் மூடிக் கேன் ஒன்று, நீல மூடிக் கேன் ஒன்று எடுத்துப் போவேன்.

இங்கேதான் வந்தது வினை. வெயில் பட்டால் பூஞ்சை வித்து செத்துவிடும், பொழுது சாய்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். ஆபீஸ் வேன் ஐந்து மணிக்குள் கூடத்துக்குத் திரும்பிவிட வேண்டும், அது விதி. நான் டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன், வியாழக்கிழமை மட்டும் வேனுக்கு நேரம் நீட்டித்துக் கொடுங்கள் என்று.

"ஏன் சாரதா, மாட்டுக்காரருக்குத் தண்ணி தெளிக்கத் தெரியாதா? கேன குடுத்துட்டு வந்துடுங்க. புரசீட்."

கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் ஒவ்வொரு வாரத் தாளிலும் ஒரு வரி அச்சடித்திருந்தது: 'மாலை ஆறரை மணிக்கு, அதிகாரியின் நேரடிப் பார்வையில் தெளிக்கப்பட்டது.' அதன் கீழே பச்சை மை. பண்டமாரான் எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியுமோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலையில் போய் உண்ணி எண்ணுவேன். காது மடலில், மடியில், வாலடியில். வாய் உடையாமல் நெம்பி எடுத்து, காற்றுத் துளை வைத்த குப்பியில் போட்டுக் கூடத்துக்குக் கொண்டு வந்து ஈரத் தட்டில் வைப்பேன். நாலாவது வாரத்திலேயே மஞ்சள் வில்லை மாடுகளுக்கு உண்ணி நன்றாகக் குறைந்திருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நீல வில்லை மாடுகளைப் பார்த்தேன். அவற்றுக்கும் குறைந்திருந்தது.

டாக்டர் வரைபடத்தில் இரண்டு கோடு போட்டார். இரண்டும் ஒன்றாகவே கீழே இறங்கின. "வித்தியாசமே இல்லையே. மழைக்காலம், அதான் ரெண்டுலயும் குறையுது" என்று தாளை மடித்து வைத்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நீல வில்லை மாட்டிலிருந்து எடுத்த உண்ணிகளை ஈரத் தட்டில் விட்டு வைத்தேன். அவை செத்தன. ஐந்தாம் நாள் அவற்றின் மேலும் பச்சை படர்ந்தது. என் கை மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த வாரம் உண்ணிகளைக் குளோரின் நீரில் கழுவி, மூன்று முறை நல்ல நீரில் அலசி வைத்தேன். வெளியே ஒட்டிய வித்து இருந்தால் அதில் செத்துவிடும், உள்ளே போனது மட்டும்தான் வளரும். மறுபடியும் பச்சை. இன்னொரு வாரமும் செய்தேன், அதே பச்சை. கூடத்துக்கு வரும் முன்பே அந்த உண்ணிகளுக்குள் பூஞ்சை புகுந்திருந்தது. அப்படியானால் கொட்டகையில் ஏதோ நடக்கிறது.

எட்டாவது வாரம் வியாழக்கிழமை, வேலை முடிந்து நானே கொமுட்டர் ரயில் பிடித்து கிள்ளான் போய், அங்கிருந்து பஸ் ஏறிக் கொட்டகைக்குப் போனேன். பால் கறந்து முடிந்திருந்தது. கோவிந்தன் அண்ணன் மஞ்சள் மூடியையும் நீல மூடியையும் திறந்து, இரண்டையும் ஒரே பெயின்ட் டிரம்மில் ஊற்றிக் கொம்பால் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி லெட்சுமி அக்கா ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் காதில் நீல வில்லை.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலவா இருந்தார்? வாய் நிறையச் சிரித்தார். "வா தங்கச்சி! இந்நேரத்துல எப்படி வந்த?"

"ரெண்டையும் ஏன் ஒண்ணா ஊத்துறீங்க? மஞ்ச மூடி மஞ்ச வில்லைக்கு, நீல மூடி நீல வில்லைக்குன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. ஆனா நீல மூடியில மருந்தே இல்லலா. மஞ்சள்ல பச்சையா மெதக்குது, அதுல ஒண்ணும் மெதக்கல. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். உன்ன ஆபீஸ்ல ஏசப் போறாங்கன்னுதான் சொல்லல."

லெட்சுமி அக்கா விடவில்லை. "மறக்கலையா? தெரிஞ்சேதான் வெறும் தண்ணி குடுத்தியா? ஒரே கொட்டாயில ஆறுக்கு மருந்து, ஆறுக்குத் தண்ணியா? உன் வீட்டுப் பந்தியில இப்படித்தான் பரிமாறுவியா? ராணிக்கு அடிச்சிட்டு அவ கன்னுக்கு அடிக்காம போனா, அது என் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு நிக்கும்?"

கவிழ்த்து வைத்த பால் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தெளிக்காமல் சோம்பல்பட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மருந்தை விற்றுவிட்டவர்களைக்கூடக் கேள்விப்பட்டிருக்கிறேன். பந்தி வஞ்சனை கூடாது என்று பகிர்ந்து கொடுத்தவர்களை அப்போதுதான் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இரண்டு கேனையும் கலந்தால் மருந்தின் வீரியம் பாதி. பாதி வீரியத்திலேயே பன்னிரண்டு மாட்டுக்கும் உண்ணி உதிர்ந்திருக்கிறது! நாங்கள் நினைத்ததைவிட நல்ல மருந்து அது. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, உண்ணி எண்ணப் போகும் முன், தட்டுகளை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். ஆறு வாரம் மறுபடி செய்யலாம், வேன் வேண்டாம், நானே பஸ்ஸில் போய் நின்று தெளிக்கிறேன் என்று கேட்பதற்காக.

டாக்டர் தட்டைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார். "கன்டாமினேஷன்" என்றார்.

"இல்ல டாக்டர். குளோரின்ல கழுவித்தான் வெச்சேன். நேத்து சாயங்காலம் நானே போய்ப் பாத்தேன். அவங்க ரெண்டு கேனையும் கலந்து எல்லா மாட்டுக்கும் அடிச்சிருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மெல்லிய தாளை உருவினார். துடைத்தார். பிறகு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி, பச்சைக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வரிய கொஞ்சம் படிங்க."

"மாலை ஆறரை மணிக்கு, அதிகாரியின் நேரடிப் பார்வையில் தெளிக்கப்பட்டது."

"அப்ப நான் எங்க இருந்தேன் சாரதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார்.

"நான் பக்கத்துல நிக்கும்போது அவர் எப்படிக் கலந்திருக்க முடியும்?"

நீங்கள் நிற்கவே இல்லையே என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

"ரெண்டு வழி இருக்கு" என்றார், வேலை ஒப்படைக்கும் அதே மெதுவான குரலில். "மாட்டுக்காரர் நம்மள ஏமாத்திட்டார்னு எழுதலாம். அப்ப அவருக்குக் குடுத்த லெட்டர இன்னைக்கே ரத்து பண்ணணும். இல்லன்னா லேப்ல ஒரு சின்னத் தவறுன்னு எழுதலாம், யாருக்கும் கஷ்டமில்ல. நீங்களே சொல்லுங்க."

அயோக்கியத்தனத்தை எவ்வளவு மரியாதையாகச் செய்தார் பாருங்கள்! அவர் தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். 'உதவியாளரின் கவனக்குறைவால் மாதிரிகளில் கலப்பு நேர்ந்தது. இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை.' கோவிந்தன் அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையைத்தான் காப்பாற்றினேன். ஆய்வு முடிந்தால் கடிதமும் முடிந்தது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

மூன்று மாதம் கழித்து நகராண்மைக் கழகத்தார் பன்னிரண்டு மாடுகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லெட்சுமி அக்காதான் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னார். மஞ்சளும் நீலமுமாக வில்லைகள் காதில் இருந்தபடியே மாடுகள் ஏறினவாம். என் வருடாந்திர மதிப்பீட்டில் 'சுத்தத்தில் கவனம் தேவை' என்று வந்தது. டாக்டருக்குப் பதவி உயர்வு வந்தது. உறைபெட்டியில் இருந்த எங்கள் பூஞ்சைக் குப்பிகளை ஒருநாள் துப்புரவு என்ற பெயரில் கொட்டினார்கள். இப்போது அதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுப் போத்தலுக்கு ரிப்பன் வெட்டப் போகிறார்கள். டத்தோதான் தலைமை தாங்குகிறாராம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

துர்கா, உன் போன் வந்த மறுநாளே பண்டமாரான் போனேன். இப்போது அவர்கள் இருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அண்ணனுக்கு எண்பது நெருங்குகிறது, லெட்சுமி அக்காவுக்கு முட்டி வலி. பூஞ்சை மருந்து வரப்போகிறது என்று சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா லெட்சுமி, வந்துருச்சு! நம்ம மாட்டுல பாஸான மருந்து. நான் இந்த பிளாக்குல எல்லார்கிட்டயும் சொல்லுவேன் தங்கச்சி. மாடு போனா போகுது, நம்ம மாட்டாலதான் அந்த மருந்தே பாஸாச்சுன்னு."

இத்தனை வருடமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மருந்து பலித்துவிட்டது, அதனால் ஆய்வு முடிந்தது, அதனால் கடிதம் முடிந்தது. மாடுகளை இழந்ததற்கு அவர் வைத்திருந்த ஒரே ஆறுதல் அது. நான் அதையும் பிடுங்க வேண்டியிருந்தது.

"இல்லண்ணே. மருந்து ஃபெயிலுன்னு எழுதிட்டாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்."

அண்ணன் லெட்சுமி அக்கா பக்கம் ஒரு முறை திரும்பினார். பிறகு கேட்டார். "பன்னெண்டு மாட்டுக்கும் உண்ணி உதுந்துச்சே. நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்ட?"

"பயந்துட்டேண்ணே."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். லெட்சுமி அக்கா எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

பழைய அறிக்கையைத் திருத்த ஒரு ஃபாரம் இருக்கிறது என்று பிறகு போனில் நீ சொன்னாய். அதில் 'தெளிக்கப்பட்டபோது நேரில் இருந்தவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். நீ டத்தோவிடம் கேட்டதற்கு, பழசையெல்லாம் கிளற வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவர் கையெழுத்து இல்லாமல் எடுபடாது என்றாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை படித்தேன்.

மறுபடி பண்டமாரான் போய், ஃபாரத்தைக் கோவிந்தன் அண்ணன் முன்னால் வைத்தேன். எட்டு வாரம் நடந்ததையும் நான் பொய்யாகக் கையெழுத்திட்டதையும் என் கையால் எழுதியிருந்தேன். அதைப் படித்துக் காட்டினேன்.

"இங்க யாரு போடணும்?" என்று கேட்டார்.

"தெளிச்சப்ப நேர்ல இருந்தவங்க."

"அப்ப நாந்தானே போடணும்" என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினார்.

"எங்கிட்டயும் குடு" என்றார் லெட்சுமி அக்கா. "மாட்ட யாரு புடிச்சிக்கிட்டு நின்னா?"

அவரும் போட்டார். துர்கா, அந்த ஃபாரத்தை இதோடு இணைத்திருக்கிறேன். மலரில் இடம் போதாவிட்டால் கட்டுரையை விட்டுவிடு. ஃபாரத்தைக் கோப்பில் வை.